"நீங்கள் சொல்வது அனைத்தும் ரகசியம்": ஒப்புதல் படிவத்தில் இந்த வரி இருக்கலாமா?

#1 கூர்நோக்கு

சமூகப் பணி நிறுவனங்களின் ஒப்புதல் படிவங்களில் அடிக்கடி காணப்படும் வரி இது: "நீங்கள் எங்களிடம் பகிரும் அனைத்துத் தகவல்களும் முழுமையாக ரகசியமாகக் காக்கப்படும்." அப்படி ஒரு படிவத்தைத் திருத்தி எழுத வேண்டியிருக்கிறது. இந்த வரியை விடலாமா, எடுத்துவிடலாமா, மாற்றினால் எப்படி மாற்றுவது?

கூடவே சில கேள்விகள். ரகசியத்தை மீறியே ஆக வேண்டிய இடங்கள் எவை? மீறும்போது எந்த வரிசையில் என்ன செய்ய வேண்டும்? கோப்பில் எவ்வளவு எழுதுவது? பின்னாளில் வழக்கு என்று வந்தால் பொறுப்பு பணியாளருக்கா, நிறுவனத்துக்கா?

#2 வழக்குக்கட்டு

அந்த வரியை இன்றே எடுத்துவிடுங்கள். அது காப்பாற்ற முடியாத வாக்குறுதி. பயனாளி அதை நம்பித்தான் வாய் திறக்கிறார். பிறகு நீங்கள் காவல்துறைக்கோ நீதிமன்றத்துக்கோ தகவல் தர நேர்ந்தால், சட்டப்படி நீங்கள் செய்தது சரியாகவே இருந்தாலும் அவரைப் பொறுத்தவரை அது ஏமாற்று. எழுத்தில் வேறு கொடுத்திருக்கிறீர்கள். உங்கள் கையெழுத்தே உங்களுக்கு எதிரான ஆவணமாகிவிடும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ரகசியக் காப்பு வேறு, சாட்சியச் சிறப்புரிமை வேறு. முன்னது தொழில் அறம் விதிக்கும் கடமை: கேட்டதை வெளியே சொல்லாதே. பின்னது சட்டம் தரும் உரிமை: நீதிமன்றமே கேட்டாலும் சொல்ல வேண்டியதில்லை. வழக்கறிஞரிடம் கட்சிக்காரர் சொன்னதற்குப் பெரும்பாலான நாடுகளில் இந்த இரண்டாவது கவசம் உண்டு. சமூகப் பணியாளருக்குப் பல நாடுகளில் கிடையாது. அமெரிக்காவில் 1996இல் ஜாஃபி எதிர் ரெட்மண்ட் வழக்கில், உரிமம் பெற்ற மருத்துவச் சமூகப் பணியாளரிடம் உளச்சிகிச்சையின்போது சொன்னவற்றுக்கும் கூட்டாட்சி நீதிமன்றங்களில் அந்தச் சிறப்புரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தியாவில் அப்படி ஒரு சட்டப் பாதுகாப்பு சமூகப் பணியாளருக்கு இல்லை. நீதிமன்றம் அழைத்துக் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். இந்த நிலையில் "முழுமையாக ரகசியம்" என்று எந்தத் துணிச்சலில் எழுதுகிறார்களோ!

அறநெறித் தரப்பிலும் யாரும் முழு ரகசியம் கேட்கவில்லை. சமூகப் பணியாளர்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பும் சமூகப் பணிக் கல்விக் கூடங்களின் பன்னாட்டு அமைப்பும் 2018இல் ஏற்ற அறநெறி அறிக்கையில் ஒன்பது கோட்பாடுகள் உண்டு. ரகசியம் அதில் ஆறாவது. அங்கேயே, அதற்கு எல்லை உண்டென்றும் அந்த எல்லையை மக்களிடம் தெரிவிக்க வேண்டுமென்றும் சொல்லிவிட்டார்கள்.

#3 பூவரசு

வழக்குக்கட்டு சொன்னதோடு உடன்படுகிறேன். மீற வேண்டிய இடங்கள் என்று பொதுவாக எல்லாரும் ஏற்பவை நான்கு: குழந்தைக்கு இழைக்கப்படும் கொடுமை, பயனாளி தன் உயிருக்கே ஆபத்தாகும் நிலை, அடையாளம் காணக்கூடிய இன்னொருவருக்குக் கடுமையான, உடனடியான ஆபத்து, நீதிமன்ற ஆணை. சில நாடுகளில் முதியோர், மாற்றுத்திறனாளிகள் மீதான கொடுமையும் கட்டாயப் புகாருக்குள் (சட்டப்படி அதிகாரிகளிடம் தெரிவித்தே ஆக வேண்டியவை) வரும். உங்கள் நாட்டுச் சட்டத்தில் எது எது என்று பிரிவு எண்ணோடு ஒரே தாளில் எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

குழந்தை விஷயத்தில் சட்டம் எவ்வளவு இறுக்கமாக இருக்கக்கூடும் என்பதற்கு இந்தியாவின் போக்சோ சட்டம் (பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் சட்டம், 2012) நல்ல எடுத்துக்காட்டு. பிரிவு 19(1)படி குற்றம் நடந்தது தெரிந்தாலோ, நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலோ, "எந்த நபரும்" சிறார் சிறப்புக் காவல் பிரிவுக்கோ உள்ளூர் காவல் நிலையத்துக்கோ தகவல் தர வேண்டும். சமூகப் பணியாளருக்கு விதிவிலக்கு இல்லை. 18 வயதுக்குக் கீழ் எல்லாரும் குழந்தைதான். தகவல் தராவிட்டால் பிரிவு 21(1)படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். நிறுவனப் பொறுப்பில் இருப்பவர் தன் கீழுள்ளவர் செய்த குற்றத்தை மறைத்தால் 21(2)படி ஓராண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. மறுபக்கம், நல்லெண்ணத்தில் தகவல் தந்தவர் மீது சிவில், கிரிமினல் பொறுப்பு எதுவும் வராது என்று 19(7) சொல்கிறது. "நிரூபிக்க முடியாமல் போனால் என்ன ஆகும்?" என்ற பயத்துக்கு விடை அதில் இருக்கிறது. நிரூபிப்பது உங்கள் வேலை இல்லை.

#4 சிட்டுக்குருவி

முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவி. ஒரு சந்தேகம். களப்பணியில ஒரு குழந்தை ஏதாவது சொன்னா, மேற்பார்வையாளர்கிட்ட சொல்லிட்டாலே எங்க கடமை முடிஞ்சிடும் இல்லையா? வகுப்புல அப்படித்தான் சொல்றாங்க.

#5 பூவரசு

இல்லைம்மா. கட்டாயப் புகார் முறையில் அதிகம் தவறு நடக்கும் இடமே அதுதான். மேற்பார்வையாளரிடம் சொல்வது கலந்தாலோசனை. அது புகார் ஆகாது. சட்டம் "அறிந்தவர்" மீது கடமையை வைத்திருந்தால், அறிந்தவர் நீங்கள். நீங்கள் மேலே சொன்னீர்கள், மேலே இருப்பவர் "நிர்வாகக் குழுவில் பேசிவிட்டுப் பார்க்கலாம்" என்றார், அங்கேயே நின்றுவிட்டது என்றால் இரண்டு பேருமே சிக்கலில் இருக்கிறீர்கள். நிறுவன விதியில் "முதலில் உள்விசாரணை" என்று எழுதியிருந்தாலும் அது சட்டத்தை வெல்லாது.

வரிசை இப்படி இருக்க வேண்டும்.

குழந்தை பேசத் தொடங்கியதும் "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். "உன்னைப் பாதுகாப்பதற்கு யாருக்குத் தெரிய வேண்டுமோ அவர்களிடம் மட்டும் சொல்வேன்" என்று சொல்லலாம். பிறகு கேளுங்கள், கிளறாதீர்கள். உங்களுக்குத் தெரிய வேண்டியது கொஞ்சம்தான்: என்ன நடந்தது (அதன் வாயாலேயே), யார், எப்போது, அந்த நபர் இப்போது குழந்தையோடு ஒரே வீட்டில் இருக்கிறாரா, உடனே மருத்துவம் தேவையா. "மாமா தொட்டாரா?" என்று பெயரை நாமே எடுத்துக் கொடுக்கும் கேள்வி கூடாது. "அப்புறம் என்ன ஆச்சு?" போதும். வாயில் போட்டுக் கொடுத்த பதில் நீதிமன்றத்தில் நிற்காது. நாலு பேர் நாலு முறை கேட்டால் குழந்தையின் சொற்கள் மாறும், அந்த மாற்றத்தையே எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளும்.

குழந்தை போனதும் அதே நாளில், நினைவு கலையும் முன், அதன் சொற்களை மேற்கோள் குறிக்குள் அப்படியே எழுதுங்கள். உறுப்புகளுக்கு அது சொன்ன மழலைச் சொல்லையும் மாற்றாதீர்கள். மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள், ஆனால் அவர் அனுமதிக்காகக் காத்திருக்காதீர்கள். உரிய அதிகாரியிடம் தகவல் கொடுத்து, பெற்றவர் பெயர், பதவி, நேரம், பதிவு எண் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் சொன்னால் எழுத்திலும் அனுப்பி நகல் வையுங்கள். குற்றம் சாட்டப்பட்டவரைக் கூப்பிட்டு "உண்மையா?" என்று கேட்பது ஒருபோதும் வேண்டாம். ஆதாரம் அழியும், குழந்தையின் வாய் அடைக்கப்படும்.

மாணவியாக இருந்தால் இன்னொன்று: நீங்கள் பயிற்சியில் இருப்பவர் என்பதைப் பயனாளியிடம் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

#6 மேசைவிளக்கு

பூவரசு சொன்ன வரிசையில் ஒரு படி விட்டுப்போயிற்று. புகார் போகப்போகிறது என்பதைப் பயனாளியிடமோ, பாதுகாப்பான பெற்றோரிடமோ முன்கூட்டிச் சொல்ல வேண்டும். அவர்களுக்குத் தெரியாமல் செய்தால் காவலர் வாசலில் நிற்கும்போதுதான் தெரிய வரும். அதன் பிறகு எந்தப் பணியாளரையும் நம்ப மாட்டார்கள். "இப்படி ஒரு கடமை எனக்கு இருக்கிறது, இன்று மாலைக்குள் செய்ய வேண்டும், நீங்களும் உடன் இருக்க விரும்புகிறீர்களா?" என்று கேட்டால் பலர் வருவார்கள். புகாரை அவர்களே பேசுவது, நீங்கள் பக்கத்தில் இருப்பது. இருப்பதில் நல்ல வடிவம் அதுதான்.

#7 பூவரசு

எல்லா இடத்திலும் அல்ல, மேசைவிளக்கு. கொடுமை செய்தவர் அதே வீட்டில் இருந்தால், குழந்தையை வேறிடத்துக்குக் கடத்திவிடும் வாய்ப்பு இருந்தால், "பாதுகாப்பான பெற்றோர்" என்று நாம் நினைப்பவருக்கு உண்மையில் கணவரை எதிர்க்கும் நிலை இல்லாவிட்டால், முன்னறிவிப்பு குழந்தைக்கு எமனாகும். முன்கூட்டிச் சொல்வது பொது விதி, சரி. அதற்கு முன் "சொன்னால் இன்றிரவு அந்த வீட்டில் என்ன நடக்கும்?" என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

#8 மேசைவிளக்கு

அதை ஏற்கிறேன். ஆனால் "ஆபத்து இருக்கலாம்" என்ற பொத்தாம் பொதுவான காரணத்தைச் சொல்லி, சங்கடமான உரையாடலைத் தவிர்ப்பவர்கள்தான் அதிகம். சொல்லாமல் விட்டால், ஏன் விட்டேன் என்ற காரணத்தை இரண்டு வரியாவது கோப்பில் எழுதட்டும். எழுத வராத காரணம் பெரும்பாலும் காரணமே இல்லை.

#9 தண்டவாளம்

குழந்தை விஷயம் தெளிவு. வயது வந்தவர் "அவனை விடமாட்டேன்" என்று சொன்னால்? கோபத்தில் ஆயிரம் பேர் ஆயிரம் சொல்வார்கள். ஒவ்வொன்றுக்கும் காவல் நிலையம் போனால் யார் நம்மிடம் வருவார்கள்?

#10 வழக்குக்கட்டு

அதற்கான மூல வழக்கு அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்து டாரசாஃப் வழக்கு. 1969இல் நடந்த கொலை. ஒரு பல்கலைக்கழக மனநலப் பிரிவில் சிகிச்சை பெற்றவர், ஒரு பெண்ணைக் கொல்லப் போவதாகத் தன் உளவியலாளரிடம் சொன்னார். உளவியலாளர் வளாகக் காவலுக்குத் தெரிவித்தார். அவர்கள் பிடித்து விசாரித்து விட்டுவிட்டார்கள். அந்தப் பெண்ணுக்கோ குடும்பத்துக்கோ யாரும் சொல்லவில்லை; பிறகு அவர் அந்தப் பெண்ணைக் கொன்றார். 1974இல் மாநில உச்ச நீதிமன்றம் "எச்சரிக்கும் கடமை" உண்டு என்றது. 1976இல் அதே வழக்கை மறுபடி கேட்டு, அதைப் "பாதுகாக்க நியாயமான கவனம் எடுக்கும் கடமை" என்று மாற்றியது. எச்சரிப்பது அதில் ஒரு வழி. காவல்துறைக்குச் சொல்வது, சூழ்நிலைக்கு ஏற்ற வேறு நடவடிக்கை எடுப்பது எல்லாம் அதில் அடங்கும். காவலுக்குச் சொன்னதோடு கை கழுவ முடியாது என்பது அந்த வழக்கின் உறுத்தும் பகுதி.

இது கலிஃபோர்னியாவின் சட்டம், எல்லா நாட்டிலும் செல்லாது. ஆனால் எடைபோடும் முறைக்கு உதவும். "விடமாட்டேன்" என்பது கோபம். குறிப்பிட்ட ஆள், குறிப்பிட்ட வழி, அதற்கான கருவி கையில், காலம் நெருக்கம், முன்பு வன்முறை செய்த வரலாறு: இவை ஒவ்வொன்றும் சேரச் சேர எடை கூடும். நேரடியாகக் கேளுங்கள்: "உண்மையிலேயே அவரைத் தாக்கத் திட்டம் இருக்கிறதா? எப்போது? அவர் எங்கே இருப்பார் என்று தெரியுமா?" பதிலையும் எழுதுங்கள், கேட்டதையும் எழுதுங்கள். வழக்கு வந்தால் உங்கள் கணிப்பு பொய்த்ததா என்று மட்டும் பார்க்க மாட்டார்கள். அதே பயிற்சி உள்ள இன்னொருவர் அந்த இடத்தில் என்ன செய்திருப்பார், அதை நீங்கள் செய்தீர்களா என்பதே அளவுகோல். கவனக்குறைவு வழக்கில் நான்கும் நிரூபணமாக வேண்டும்: கடமை இருந்தது, அது மீறப்பட்டது, பாதிப்பு நேர்ந்தது, அந்த மீறலால்தான் நேர்ந்தது. ஒன்று விழுந்தாலும் வழக்கு நிற்காது.

ஒரு சட்டமே வரிசையை எழுதிக் கொடுத்த இடமும் உண்டு. இந்தியாவின் எச்.ஐ.வி. சட்டம் (2017), பிரிவு 9. சுகாதாரப் பணியாளர்களில் மருத்துவரோ ஆலோசகரோ தவிர வேறு யாரும் ஒருவரின் தொற்று நிலையை இணையரிடம் சொல்லக் கூடாது. அவர்களும் நான்கு கட்டங்களைத் தாண்ட வேண்டும்: இணையருக்குக் கணிசமான தொற்று ஆபத்து இருப்பதாக நம்புவதற்கு நியாயமான காரணம், தானே சொல்லும்படி அவருக்கு ஆலோசனை வழங்கியிருப்பது, அவர் சொல்ல மாட்டார் என்று உறுதிப்பட்டிருப்பது, "நான் சொல்லப்போகிறேன்" என்று அவரிடம் தெரிவித்திருப்பது. சொல்வதும் நேரில், ஆலோசனைக்குப் பிறகு. அதிலும் சொன்னால் வன்முறையோ கைவிடலோ நேரும் என்று அஞ்ச இடமிருந்தால், குறிப்பாகப் பெண்களின் விஷயத்தில், சொல்லக் கூடாது. மேசைவிளக்கும் பூவரசும் மேலே வாதாடியது இந்த ஒரே பிரிவுக்குள் இரண்டு பக்கமும் அடங்கிவிடுகிறது, பாருங்கள்.

#11 பூவரசு

தற்கொலை எண்ணம் பற்றி ஒரு சொல். "நான் அப்படிச் செய்துகொள்ள மாட்டேன்" என்று கையெழுத்து வாங்கி வைக்கும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அது உயிரைக் காப்பதாக எந்தச் சான்றும் இல்லை. நீதிமன்றத்தில் உங்களையும் காக்காது. ஆபத்தை அறிந்திருந்தீர்கள் என்பதற்கு நீங்களே தந்த அத்தாட்சி அது. அதற்குப் பதில் பாதுகாப்புத் திட்டம்: எந்த அறிகுறி தெரிந்தால் நிலை மோசமாகிறது, அப்போது தானே செய்யக்கூடியது என்ன, யாரை அழைப்பது, எந்த அவசர எண், ஆபத்தான பொருள்களை வீட்டில் யார் எடுத்து வைப்பது, அடுத்த சந்திப்பு எப்போது. பயனாளியோடு சேர்ந்து எழுதி, ஒரு படி அவரிடம், ஒன்று கோப்பில். வேறு ஒருவரிடம் சொல்ல வேண்டி வந்தால் தேவையான அளவே சொல்லுங்கள். வீட்டாருக்கு ஆபத்து தெரிய வேண்டும். அதன் பின்னால் உள்ள காதல் கதை தெரிய வேண்டியதில்லை.

#12 மேசைவிளக்கு

பதிவு பற்றிக் கேட்டிருந்தீர்கள், கூர்நோக்கு. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், ஏனென்றால் வழக்குகளில் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் செய்த செயலால் அல்ல, எழுதாத தாளால்.

ஒவ்வொரு பதிவிலும் தேதி, நேரம், இடம், உடனிருந்தவர்கள், சந்திப்பு எதற்காக. பிறகு மூன்றைக் கலக்காமல் எழுதுங்கள்: அவர் சொன்னது, நீங்கள் கண்டது, நீங்கள் அதிலிருந்து கருதுவது. "தாய் அலட்சியமானவர்" என்பது தீர்ப்பு. "பகல் 11 மணிக்குச் சென்றபோது மூன்று வயதுக் குழந்தை தனியாக இருந்தது. தாய் 11.40க்கு வந்தார். 'தண்ணி பிடிக்கப் போனேன்' என்றார். முந்தைய இரண்டு சந்திப்புகளில் குழந்தை தனியாக இருக்கவில்லை" என்பது பதிவு. கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். தாய்க்குச் சாதகமானதையும் எழுதினால்தான் பாதகமாக எழுதியதை நம்புவார்கள்.

முடிவு எடுத்த நாளில் எடுத்த முடிவை மட்டும் எழுதினால் போதாது. வேறு என்ன வழிகளை யோசித்தீர்கள், ஏன் விட்டீர்கள், யாரைக் கலந்தீர்கள், அவர் என்ன சொன்னார் என்பதும் வேண்டும். ஐந்து வரி போதும்.

எழுதுவது அன்றே, முடியாவிட்டால் மறுநாள். தாமதமானால் "தாமதப் பதிவு" என்று தலைப்பிட்டு, எழுதும் நாளின் தேதியைப் போட்டு, எந்த நாள் சந்திப்பு என்று குறிப்பிடுங்கள். முன்தேதியிடுவது மோசடி. தாளில் பிழை என்றால் ஒற்றைக் கோடு, பக்கத்தில் சுருக்கொப்பம், தேதி. அடித்தது படிக்கத் தெரிய வேண்டும். வெள்ளை மை பூசக் கூடாது, தாளைக் கிழிக்கக் கூடாது. கணினிப் பதிவில் யார் எப்போது மாற்றினார் என்பது தானாகவே பதிவாகும், எனவே சம்மன் வந்த மறுநாள் கோப்பைத் "சுத்தம்" செய்பவர் தன் குழியைத் தானே வெட்டுகிறார்.

எழுதக் கூடாதவை: வம்பு, சக பணியாளர் மீதான மனத்தாங்கல், வழக்குக்குத் தொடர்பில்லாத அந்தரங்கம், மருத்துவர் சொல்லாத நோய்ப் பெயர். ஒவ்வொரு வாக்கியமும் ஒருநாள் பயனாளியின் கண்முன் வாசிக்கப்படும் என்று நினைத்து எழுதுங்கள். அது வெறும் கற்பனையும் அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு விதிப்படி ஒருவர் தன்னைப் பற்றிய தகவலைக் கேட்டால் பொதுவாக ஒரு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும்.

#13 சிட்டுக்குருவி

அப்போ கோப்புல போடாம தனி நோட்டுல எழுதி வெச்சுக்கலாமா? சிலர் ரெண்டு நோட்டு வெச்சிருப்பாங்கன்னு சொல்றாங்க.

#14 வழக்குக்கட்டு

அந்த நோட்டைப் பற்றிச் சாட்சிக் கூண்டில் கேட்பார்கள்: "இது தவிர வேறு குறிப்பு உண்டா?" உண்டு என்றால் கொண்டுவரச் சொல்வார்கள். இல்லை என்றால் பொய்ச் சாட்சி. சில நாடுகளில் உளச்சிகிச்சைக் குறிப்புகளுக்குத் தனிப் பாதுகாப்பு உண்டுதான். ஆனால் சமூகப் பணியாளரின் சட்டைப்பை நோட்டு தானாக அதற்குள் வராது. துண்டுக் குறிப்பு எடுத்தால் கோப்பில் ஏற்றியதும் நிறுவன விதிப்படி அழித்துவிடுங்கள், எப்போதும் ஒரே மாதிரி. சம்மன் வந்த பிறகு அழித்தால் அது ஆதார அழிப்பு.

சம்மனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வந்த தாள் எது என்று முதலில் பாருங்கள். வழக்கறிஞரின் கடிதத்துக்குக் கோப்பைக் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. தொலைபேசியில் "அவர் உங்களிடம் வருகிறாரா?" என்று கேட்டால் "ஆம்" என்பதே ரகசிய மீறல். "யார் வருகிறார், வரவில்லை என்பதை நாங்கள் உறுதிப்படுத்துவதில்லை" என்ற ஒரே பதிலை எல்லாருக்கும் எப்போதும் சொல்லுங்கள். நீதிமன்றத்தின் சம்மன் அல்லது ஆணை என்றால் அலட்சியம் செய்யவும் கூடாது, பதறிப்போய் மொத்தக் கட்டையும் தூக்கிக் கொடுக்கவும் கூடாது. நிறுவன வழக்கறிஞர், பிறகு பயனாளி. இருவருக்கும் சொல்லிவிட்டு, கேட்கப்பட்டது வழக்குக்குத் தேவையானதா என்று நீதிமன்றத்திலேயே கேட்கலாம். சில பக்கங்கள் மட்டும், மூடிய உறையில், நீதிபதி மட்டும் பார்க்க என்று வேண்டலாம். கொடுக்கும்போது சான்றளித்த நகல், மூலம் உங்களிடம். சாட்சிக் கூண்டில் கண்டதைச் சொல்லுங்கள். "இவர் நல்ல தகப்பனா?" என்றால், நீங்கள் முறைப்படி மதிப்பீடு செய்யவில்லை என்றால், "மதிப்பீடு செய்யவில்லை" என்பதே விடை.

#15 தண்டவாளம்

கோப்பைப் பூட்டி வைத்துவிட்டுக் கைபேசியைத் திறந்து வைத்திருக்கிறார்கள், அதையும் சேருங்கள். வாட்ஸ்அப்பில் வந்த காயத்தின் படம் தானாகக் கேலரிக்குப் போகும், அங்கிருந்து குடும்பக் கணினிக்கும் மேகச் சேமிப்புக்கும் போகும். பூட்டிய திரையிலேயே செய்தியின் முதல் வரி தெரியும். பணிக்குத் தனி எண், தானியங்கிப் படச் சேமிப்பு அணைப்பு, திரை முன்னோட்டம் அணைப்பு, பணியாளர் குழுவில் பெயருக்குப் பதில் வழக்கு எண். குழுவிலிருந்து போனவரை அன்றே நீக்குவது. இதைக்கூடச் செய்யாத இடத்தில் அறநெறிக் குழு அமைத்து என்ன பயன்?

பயனாளியின் முகநூலைத் துழாவுவதும் கண்காணிப்புதான். உயிராபத்து போன்ற காரணம் இருந்தால் தவிர வேண்டாம். நட்பு வேண்டுகோள் வந்தால் மறுத்துவிட்டு, அடுத்த சந்திப்பில் ஏன் என்று சொல்லுங்கள். மௌனமாக மறுத்தால் அவமானமாக எடுத்துக்கொள்வார்.

#16 மேசைவிளக்கு

பயனாளியோடு வைக்க வேண்டிய எல்லைகளைத் தண்டவாளம் தொட்டதால் சுருக்கமாக: பயனாளிக்குக் கடன் கொடுப்பது, வாங்குவது, அவரை வீட்டு வேலைக்கு வைப்பது, அவரோடு தொழில் செய்வது, உறவு கொள்வது எதுவும் கூடாது. பாலுறவு பற்றி எந்த அறநெறித் தொகுப்பிலும் இரண்டாம் கருத்து இல்லை, "அவரும் சம்மதித்தார்" என்பது தற்காப்பு ஆகாது. சிறு பரிசு, வீட்டு விசேஷ அழைப்பு போன்றவை சாம்பல் நிறம். ஒரு சோதனை உண்டு: இதைக் கோப்பில் எழுதக் கை கூசுகிறதா? கூசினால் செய்யாதீர்கள்.

பொறுப்பு யாருக்கு என்ற கேள்விக்கு: பணிநேரத்தில் பணியாளர் செய்த தவறுக்கு நிறுவனமும் பொறுப்பேற்க நேரும். அதனால் பணியாளர் விடுபட்டுவிடுவதில்லை. மேற்பார்வையாளரும் தப்ப முடியாது. இங்கிலாந்தில் விக்டோரியா கிளிம்பியே என்ற எட்டு வயதுச் சிறுமி 2000இல் கொடுமையால் இறந்தாள். 2003இல் வெளியான லேமிங் பிரபுவின் விசாரணை அறிக்கை, அவளைக் காத்திருக்கக்கூடிய பன்னிரண்டு வாய்ப்புகளாவது தவறவிடப்பட்டதாகச் சொன்னது. பரிந்துரைகள் 108. லண்டனின் நான்கு நகராட்சிகளின் சமூக சேவைத் துறைகள், இரண்டு மருத்துவமனைகள், காவல்துறை எல்லாருக்கும் அவளைத் தெரிந்திருந்தது. கீழ்நிலைப் பணியாளரோடு நிற்காமல் மேல்நிலை நிர்வாகிகளையும் அறிக்கை கடுமையாகக் குறை சொன்னது. ஒவ்வொருவரும் தன் பங்கை இன்னொருவர் பார்த்துக்கொள்வார் என்று நினைத்த இடம் அது. எனவே ஒரு பயனாளியின் வழக்கை இன்னொருவரிடம் ஒப்படைக்கும்போது "அனுப்பிவிட்டேன்" போதாது. பெற்றுக்கொண்டேன் என்று மறுபக்கம் எழுதித் தரும் வரை அது உங்கள் வழக்கு. வேலையை விட்டுப் போகும்போதும் இதுவே. பயனாளிக்கு முன்னறிவிப்பு, அடுத்தவருக்கு எழுத்தில் ஒப்படைப்பு, திறந்திருக்கும் ஆபத்துகளின் பட்டியல். இல்லாவிட்டால் அதைக் கைவிடல் என்று வழக்காக்கலாம்.

#17 கூர்நோக்கு

எல்லாருக்கும் நன்றி. இதையெல்லாம் வைத்து வரைவு ஒன்று:

"நீங்கள் எங்களிடம் சொல்வதை உங்கள் அனுமதி இல்லாமல் வெளியே சொல்ல மாட்டோம். சில நேரங்களில் மட்டும் சொல்லியாக வேண்டும்: ஒரு குழந்தைக்குக் கொடுமை நடக்கிறது என்று தெரிந்தால், உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்றால், நீதிமன்றம் கேட்டால். அப்போதும் தேவையான அளவே சொல்வோம். சொல்வதற்கு முன் உங்களிடம் தெரிவிப்போம். உங்கள் வழக்கை எங்கள் மேற்பார்வையாளரோடு பேசுவோம். உங்கள் கோப்பைப் பார்க்க நீங்கள் கேட்கலாம்."

#18 பூவரசு

"சொல்வதற்கு முன் தெரிவிப்போம்" என்பதை "முடிந்தவரை முன்பே தெரிவிப்போம்" என்று மாற்றுங்கள். இல்லாவிட்டால் முதல் வரியில் எடுத்த பொய்யை நான்காவது வரியில் திரும்ப வைத்ததாகும்.

#19 வழக்குக்கட்டு

வேறு நிறுவனத்துக்குத் தகவல் அனுப்ப இதே கையெழுத்தைப் பயன்படுத்தாதீர்கள். அதற்குத் தனித் தாள் வேண்டும். யாருடைய தகவல், எந்தத் தகவல், யாருக்கு, எதற்காக, எந்தத் தேதி வரை, திரும்பப் பெறும் உரிமை: ஆறும் நிரப்பப்பட்ட பிறகே கையெழுத்து. வெற்றுத் தாளில் முன்கூட்டிக் கையெழுத்து வாங்கி அடுக்கி வைக்கும் வழக்கம் இருந்தால் அந்த அடுக்கை இன்றே கிழித்துவிடுங்கள்.

#20 சிட்டுக்குருவி

குழு ஆலோசனையில மத்தவங்க வெளிய சொல்லிட்டா?

#21 மேசைவிளக்கு

பணியாளரைக் கட்டுப்படுத்தும் விதி குழு உறுப்பினரைக் கட்டுப்படுத்தாது. "நாங்கள் சொல்ல மாட்டோம், மற்றவர்களும் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறோம், ஆனால் அதற்கு எங்களால் உத்தரவாதம் தர முடியாது" என்று குழுப் படிவத்தில் தனியாகச் சேருங்கள். தம்பதியரைப் பார்ப்பதாக இருந்தால், ஒருவர் தனியாகச் சொன்னதை மற்றவரிடம் மறைப்பீர்களா இல்லையா என்பதை முதல் சந்திப்பிலேயே முடிவு செய்து இருவரிடமும் சொல்லிவிடுங்கள். நடுவில் முடிவு செய்ய முடியாது.

கூர்நோக்கு, வரைவு நன்றாக இருக்கிறது. ஆனால் படிவத்தை நீட்டிக் கையெழுத்து வாங்காதீர்கள். வாய்விட்டு வாசியுங்கள், பிறகு "எந்தச் சமயத்தில் நாங்கள் வெளியே சொல்வோம் என்று உங்கள் சொல்லில் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அவர் சொன்னதையும் கோப்பில் எழுதுங்கள். மொழிபெயர்ப்பு தேவைப்பட்டால் அவருடைய பிள்ளையை வைத்துச் செய்யாதீர்கள், வெளியாள் வேண்டும்.

#22 கூர்நோக்கு

மாற்றிவிட்டேன். "முடிந்தவரை" சேர்த்தாயிற்று, குழுவுக்குத் தனித் தாள், தகவல் அனுப்பத் தனித் தாள். வாசிக்க ஒன்றரை நிமிடம் ஆகிறது.

#23 பூவரசு

மூன்றாவது சந்திப்பில் மறுபடியும் ஒரு முறை சொல்லுங்கள். முதல் நாள் பதற்றத்தில் யார் காதிலும் எதுவும் ஏறாது.